முறையான அறிவிப்பு

"பிலோமியக்கா, நம்ம ஃபாக்டரிய மூடப் போறாங்களாமே?"

தாமோதரன் முன்னால் இருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது. எஸ்டேட் கேன்டீனில் அந்நேரம் அவரையும் கேன்டீன் நடத்தும் பிலோமியையும் தவிர வேறு யாரும் இல்லை.

"மூடலைங்க. பக்கத்து எஸ்டேட்டோட சேக்காங்க. லாரி டிரைவர் இன்னாசிராஜ்தான் மூணாறுல ரெண்டு எஸ்டேட் பேரையும் சேத்துப் புதுப் போர்டு எழுதி வாங்கியாந்தான்."

"அப்போ என் வேலை?"

"ஒங்க வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரமும் அதே லாரியிலதான் வந்துருக்கு. அனுப்பப் போற ஆளுக்கு யாராச்சும் கூரை மாத்துவாங்களா?"

தாமோதரனுக்கு உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"இதை மேல இருக்கவங்க ஒரு வார்த்தை சொன்னா என்னக்கா? கேட்டா, 'வதந்திய நம்பாதீங்க'ன்னு ஒரே பதில். நாங்களும் மனுசங்கதானே?"

டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் தொழிலாளர்கள் கூடி நின்றார்கள்.

"சார், எங்க வேலை இருக்குமா?" என்று கேட்டாள் முத்துப்பேச்சி.

"வதந்திய நம்பாதீங்க. எதுன்னாலும் நேரம் வரும்போது முறையா அறிவிப்பேன்," என்றார் மேனேஜர் தாமோதரன்.

எல்லோரும் பணிவாகத் தலையாட்டிவிட்டு, நேரே கேன்டீனுக்குள் நுழைந்தார்கள்.