செக்‌ஷன் வெட்டியவள்

12-4-2006, புதன்.

இன்று ஒரு சிறு தவறு. கட்டடக்கலை இதழ் ஒன்றின் மார்ச் வரவைப் பதிவேட்டில் பிப்ரவரிக் கட்டத்தில் பதிந்துவிட்டேன். அதை அழித்துத் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் அலமாரிக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. செல்போனில் யாரிடமோ தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒரு செக்‌ஷன் வெட்டிட்டேன்டி. இன்னொண்ணு பாக்கி. நேரா நடுவுல வெட்டினாதான் உள்ள இருக்கறதெல்லாம் வெளிய தெரியும். இன்னும் யாருக்கும் காட்டல. நாளைக்கு ஜூரியில பாரு, எல்லாரும் வாயப் பொளக்கப் போறாங்க."

என் கையிலிருந்த ரப்பர் கீழே விழுந்தது.

பல்கலைக்கழக நூலகத்தின் பருவ இதழ்ப் பிரிவில் நான் தற்காலிக உதவியாளன். எங்கள் பேச்சில் செக்‌ஷன் என்றால் இதழின் ஒரு பகுதி. எனக்கு முன்னால் இந்த மேசையில் இருந்த தினகரனை ஜனவரியில் வேலையை விட்டு அனுப்பினார்கள். டிசைன் இதழ் ஒன்றில் பதினாறு பக்கங்களை யாரோ பிளேடால் வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள், அவர் கவனிக்கவில்லை. என் ஒப்பந்தம் இந்த மாதம் முப்பதோடு முடிகிறது.

அந்தப் பெண் வெண்ணிலா. கோவளத்துக்காரி, கட்டடக்கலை ஐந்தாம் ஆண்டு. ஒரு மாதமாகத் தினமும் வந்து, பைண்டு செய்த பழைய இதழ்த் தொகுதிகளைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறாள். தோளில் எப்போதும் நீளமான ஒரு கறுப்புக் குழாய் தொங்கும்.

மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு, அவள் திருப்பித் தந்த நான்கு தொகுதிகளையும் பக்கம் பக்கமாக எண்ணினேன். ஒரு பக்கமும் குறையவில்லை. மறுபடி எண்ணினேன். அப்போதும் சரியாகவே வந்தது.

தாம்பரத்தில் நான் போகும் நூலக அறிவியல் மாலை வகுப்பில், போன வாரம் இதே பக்கச் சரிபார்ப்புப் பாடத்தில்தான் தேர்வு. எனக்கு நூற்றுக்கு நாற்பத்தொன்று. ஆகவே எண்ணியதில் நான்தான் எங்கோ கோட்டை விட்டிருப்பேன் என்று நினைத்தேன்.

நான்கரைக்கு நாலு வரியில் ஒரு புகார் எழுதி, தலைமை நூலகர் ஸ்ரீநிவாசராகவன் சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மோகன்ராஜ், நாளைக்குப் பத்து மணிக்கு இவங்களுக்கு ஃபைனல் ஜூரி, வரைஞ்சதப் பாத்து மார்க் போடற கடைசிப் பரீட்சை. நான் லைப்ரரி கார்டை கேன்சல் பண்ணேன்னா ஜூரிக்கு உள்ளயே விட மாட்டாங்க. அந்தப் பொண்ணுக்கு ஒரு வருஷம் போயிடும். வெட்டினதை நீ கண்ணால பாத்தியா?"

காதால் கேட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும்.

"பாத்தேன் சார்" என்றேன்.

"சரி. காலைல ஒன்பது மணிக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்."

ஐந்தே காலுக்கு வெண்ணிலா கிளம்பினாள், தோளில் குழாயோடு. கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் என் பொய் பொய்யாக இருக்காது என்று தோன்றியது. அவளுக்கு முன்னால் படியிறங்கி ஓடி, வாசலில் இருந்த வாட்ச்மேன் சம்பந்தம் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து வழியை மறித்து நின்றார்.

"இன்னா பாப்பா, உள்ள இன்னா கீது? பீரங்கியா?"

"ஷீட்டுண்ணா. பிரிச்சா கசங்கிடும், விடுங்க. பஸ்ஸு போயிடும்."

"அல்லாரும் இதத்தான் சொல்றாங்கோ. தொற, தொற."

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்களாவது சொல்லுங்கண்ணா. நாளைக்கு ஜூரி. இது கசங்கிப்போச்சுன்னா திரும்பப் போட நேரமில்ல."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "ரூல்ஸ்மா. திறந்துடு."

அவள் குழாயைத் தோளிலிருந்து இறக்கினாள். மூடியைத் திருகினாள். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு, பெரிய தாள் ஒன்றை மெதுவாக உருவி வாட்ச்மேன் மேசையில் விரித்தாள். நான் குழாயை வாங்கிக் கவிழ்த்துத் தட்டினேன். பிளேடு விழவில்லை. இதழின் ஒரு துண்டுத் தாளும் விழவில்லை.

மேசையில் கிடந்தது பென்சிலால் வரைந்த ஒரு மீன் மார்க்கெட். பப்பாளியை நடுவில் அறுத்து வைத்ததுபோல், கூரையிலிருந்து தரைக்கடியில் ஓடும் கால்வாய்வரை கட்டடம் முழுவதும் திறந்து கிடந்தது. வரிசையாக மேடைகள், மேடைகளில் பெண்கள். அவர்கள் காலடியில் தண்ணீர் தேங்காமல் கீழே வடிந்து போயிற்று.

சம்பந்தம் அண்ணன் குனிந்தார். "நடுவுல கூடையோட குந்திகினு கீதே, யாரு இது?"

"எங்கம்மா."

"சோக்காத்தான் கீது. ஆனா முன்னாடி செவுத்தயே காணோமே, அது எங்க பூட்ச்சி?"

வெண்ணிலாவுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுக்குப் பேருதான்ணா செக்‌ஷன். கட்டடத்த நடுவுல வெட்டின மாதிரி வரைஞ்சு காட்டறது. காலைல ஸ்டூடியோல உக்காந்து நான்தான் வெட்டினேன்."

நாளை: எட்டரை மணிக்கே தலைமை நூலகர் அறை வாசலில் நிற்க வேண்டும். நான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டும்.