பச்சை நட்சத்திரம்

இடுப்பில் மகளை வைத்துக்கொண்டு, தையல்கடை மேசையில் சிவப்புத் துண்டுகளுக்கு நடுவே பச்சைத் துண்டுகளால் நட்சத்திரம் அடுக்கினாள் பெனிட்டா. மகளின் முதல் பிறந்தநாளுக்கு ஒட்டுத்துணிப் போர்வை.

"எப்படி பாய், பளிச்சுனு இருக்கா?"

தையல்காரர் மஸ்தான் குனிந்து பார்த்தார். "நட்சத்திரம் எங்கம்மா இருக்கு?"

"கிண்டலா? கண்ணாடியைத் துடைச்சுப் போடுங்க."

"பொறந்ததுலேர்ந்து இந்த ரெண்டு கலரும் எனக்கு ஒண்ணுதான். எது வெளிறல், எது அடர்த்தின்னு பார்த்துதான் முப்பது வருஷமா தைக்கிறேன். ஒரு போர்வை திரும்பி வந்ததில்ல."

செல்போனில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்து நீட்டினார். படம் முழுக்க ஒரே சாம்பல். நட்சத்திரத்தைக் காணோம்.

பெனிட்டாவின் சிரிப்பு நின்றது. குழந்தைக்கு நிறங்கள் தெரியாது, வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் பிரித்துத் தெரியும் என்று டாக்டர் சொன்னதை அவள் இன்னும் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

"நீங்களே துணியை எடுங்க பாய்."

மஸ்தான் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. கருநீலத்தைப் பரப்பி, அதன்மேல் சந்தன நிறத்தில் நட்சத்திரத்தை அடுக்கினார். குழந்தை தலையைத் திருப்பியது. பிறகு உடம்பு முழுவதும் மேசைப் பக்கம் சாய்ந்தது. பெனிட்டா பிடியை மெல்லத் தளர்த்தினாள்.