கூடைக் கயிறு

பெருந்துறைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கிணறு வெட்டும்போது மண் சரிந்து சென்னியப்பன் புதைந்து எட்டு நாளாகிவிட்டது. அவனைத் தேடித் தோண்டிய மூன்று பேரும் பாறை தட்டியதும் மேலே ஏறிவிட்டார்கள்.

“காஞ்ச பாறையே வந்திருச்சு பழனியாத்தா, ஆளைக் காணோம். மூடிப்போடலாம்,” என்றார் தோட்டத்துக் கவுண்டர்.

“மொகத்தைப் பாக்காம எப்படிங்க சாமி தாலி அறுக்கறது?” என்றாள் சென்னியப்பன் பெண்டாட்டி.

அப்போது கிணற்றுக்குள் தொங்கிய கூடைக் கயிறு இரண்டு முறை இழுபட்டது. கூடை நிரம்பினால் கீழே இருப்பவன் அப்படித்தான் இழுப்பான். கவுண்டர் ஆட்களை எண்ணினார். மூவரும் மேலேதான் நின்றார்கள்.

பழனியாத்தாள் காலை ஊன்றிக் கயிற்றை இழுத்தாள். கூடை நிறைய ஈர மண் வந்தது. அதைக் கொட்டிவிட்டு, “அவசரமில்லீங்க, நான் இங்கயேதான் இருக்கறனுங்க,” என்று கிணற்றுக்குள் குனிந்து சொல்லி, வெறுங்கூடையை மறுபடி இறக்கினாள்.