மூன்று பெயர், ஒரு கணினி

எங்கள் வாடிக்கையாளர் இபு எந்தின் அலுவலகத் தரையில் வாழையிலையை விரித்துக்கொண்டிருக்கும்போதே நான் கணினியில் முதல் கடையின் இணையப் பெயரைத் தட்டிவிட்டேன்.

சம்பல் கடை வந்தது. சிவப்பு நிறம், மேலே ஒரு மிளகாய்.

இரண்டாவது பெயர். வாழைக்காய் சிப்ஸ் கடை, மஞ்சளில்.

மூன்றாவது பெயர். முக்காட்டுத் துணிக் கடை, இளநீலத்தில்.

மூன்றும் ஒரே நிரல்தான். எந்தப் பெயரைச் சொல்லி வந்திருக்கிறார்கள் என்று பார்த்து, அதற்கேற்ற முகத்தைக் காட்டும். நேற்றுவரை எந்தப் பெயரைத் தட்டினாலும் மிளகாயே வந்து நின்றது.

எனக்குக் கை பரபரத்தது. மறுபடியும் மூன்றையும் தட்டினேன்.

நாளை முதல் நோன்பு. பாண்டுங்கில் இனி பெருநாள்வரை முக்காட்டு வியாபாரம்தான். அதற்குள் கடை திறக்காவிட்டால் தைத்துவைத்ததெல்லாம் மூட்டையிலேயே கிடக்கும் என்று இபு எந்தின் வாரக்கணக்காக எங்களை அரித்துக்கொண்டிருந்தார். தன் மூன்று கடைப் பெயர்களையும் சம்பல் பாட்டிலில்கூட அச்சடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார். தட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது 'விரைவில்' என்ற ஒரு பலகை மட்டும்.

இன்று திட்டுவதற்குப் பதிலாக, நோன்புக்கு முந்தைய விருந்தை எங்கள் அலுவலகத்துக்கே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ஆவி பறக்கும் லிவெத் சோறு, பொரித்த கருவாடு, பச்சைக் கீரை. என் கூட்டாளி காங் தாதான் யாரும் கூப்பிடும் முன்பே இலைமுன் உட்கார்ந்துவிட்டார்.

இபு எந்தின் கைப்பேசியை எடுத்தார். காரூத்திலிருக்கும் தங்கையைக் கடையைத் திறந்து பார்க்கச் சொல்லப் போகிறாராம்.

நான் தடுத்தேன். இப்போதைக்கு இது என் கணினியில் மட்டும்தான் தெரியும் என்றேன்.

அவர் முகம் வாடியதைப் பார்த்து, நிதானமாகச் சொன்னேன். ஒரு பெயரைத் தட்டினால், கணினி வெளியே விசாரிக்கும் முன் தனக்குள்ளே இருக்கும் ஒரு சின்னக் கோப்பைப் பார்க்கும். 'இந்தப் பெயரா, அது இங்கேதான் இருக்கிறது' என்று அதில் எழுதிவைத்தால் அப்படியே நம்பிவிடும். வெளியே போகவே போகாது. அதில் மூன்று பெயருக்கும் மூன்று வரி எழுதியிருக்கிறேன். வெளியே என்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டுமானால் வரிக்கு முன்னால் ஒரு # போட்டால் போதும். கணினி அந்த வரியைக் கண்டுகொள்ளாது.

காலையில் காங் தாதான் இதே கணினியில் அப்படிப் போட்டுப் பார்த்தார். வெளியே அதே பழைய பலகைதான். மூன்று கடையும் இனி இந்தக் கணினியில்தான் என்று நேற்றே வெளியே அறிவித்தாகிவிட்டது. அது உலகம் முழுக்கப் பரவ ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும்.

"அப்போ சமைச்சு வெச்சிட்டு, கதவைப் பூட்டிக்கிட்டு நாமளே சாப்பிடற கதைதானா, நெங்?" என்று என்னைக் கேட்டார் இபு எந்தின்.

கணினி டிங் என்றது.

ஒரு ஆர்டர். பழுப்பு முக்காடு இரண்டு. பெயர் லிலிஸ், ஊர் தாசிக்மலாயா.

அலுவலகத்துக்குள் உட்கார்ந்தபடியே தன் மடிக்கணினியிலிருந்து எனக்கு ஆர்டர் அனுப்பிச் சோதிப்பது காங் தாதானின் வழக்கம்.

"என்ன காங், வேடிக்கையா ஒரு பேர் வெக்கக்கூட சோம்பேறித்தனமா? போன வாரம் 'கருவாட்டு ராஜா'ன்னு வந்துச்சே?" என்றேன், திரும்பாமல்.

பின்னால் மெல்லும் சத்தம் மட்டும்.

மறுபடியும் டிங். சிப்ஸ் ஐந்து பொட்டலம், சுமெடாங்.

இப்போது திரும்பினேன்.

காங் தாதான் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். ஒன்றில் மணிக்கட்டுவரை சோறும் சம்பலும். மற்றதில் முழுக் கருவாடு. அவருடைய மடிக்கணினி மூடிக் கிடந்தது. அதன்மேல் சம்பல் கிண்ணம்.

நான் அந்தச் சின்னக் கோப்பைத் திறந்தேன்.

மூன்று வரிகள். மூன்றின் முன்னாலும் #. அப்படியானால் சற்றுமுன் நான் பார்த்த மூன்று கடையும் வெளியே போய் விசாரித்து வந்தவை.

"காலைல போட்டது," என்றார் காங் தாதான், வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு. "எடுக்க மறந்துட்டேன்."

டிங்.

இபு எந்தின் எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "லிலிஸ்ங்கறது யாரு?"

"தெரியல, இபு," என்றேன். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நெசமாவே தெரியல."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு தங்கையைக் கூப்பிட்டார். கடையைத் திறந்து பார்க்கச் சொல்லவில்லை.

"உடனே கிளம்பி வா. பழுப்புல ரெண்டு எடுத்து வெக்கணும்."