தேரூர்க் குளத்தில் கடைசி ஞாயிறு

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றாள் லிஜி.

ஜஸ்டஸ் பைனாகுலரைக் கண்ணிலிருந்து இறக்கினார். குளத்தில் ஊசிவால் வாத்துகள் கொஞ்சம்தான் மிச்சமிருந்தன. மற்றவை வடக்கே கிளம்பிவிட்டன. பறவை பார்க்கும் குழுவுக்கும் இந்த சீசனில் இதுதான் கடைசி ஞாயிறு.

குழுவை நடத்துபவள் லிஜி. நாகர்கோவிலில் கல்லூரி ஆசிரியை. வாட்ஸ்அப்பில் அறிவிப்புப் போட்டால் பல் டாக்டர் வருவார், ஆட்டோக்காரர் வருவார், பாதிரியாரும் வருவார். அப்படித்தான் தையல் வேலை பார்க்கும் டெல்சி வந்தாள். யாரோடும் அதிகம் பேசமாட்டாள். ஆனால் பறவைகளின் பெயர்களை ஆசையாகக் கற்றுக்கொண்டாள்.

சில வாரம் கழித்து வந்து சேர்ந்தவர் ஜஸ்டஸ், ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். கையில் புது பைனாகுலர். அன்று டெல்சி தூரத்துப் பறவையைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதைக் கண்டு, அதை அவளிடம் நீட்டினார். அவள் வெகுநேரம் தயங்கித்தான் வாங்கினாள். பார்த்ததும் தன்னை மறந்து, “நீலச்சிறகி” என்றாள்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றார்கள். பார்த்த பறவையையே திரும்பத் திரும்ப என்னவென்று கேட்பார் ஜஸ்டஸ். அவளும் சலிக்காமல் சொல்வாள். ஒருநாள் தாழைக்கோழி ஒன்று குஞ்சுகளோடு போவதைப் பார்த்து டெல்சி அழுதுவிட்டாள். ஜஸ்டஸ் ஒன்றும் கேட்கவில்லை. கூடவே நின்றார். ஒவ்வொரு வாரமும் பறவை பார்த்து முடிந்ததும் அவர் பைக்கில் போவார், அவள் பஸ்ஸுக்கு நிற்பாள்.

வீட்டைப் பற்றி இரண்டு பேரும் பேசியதில்லை. வீட்டில் ஒரே அமைதி, இருக்க முடியவில்லை என்று ஜஸ்டஸ் ஒருமுறை சொன்னதோடு சரி. பாவம், துணை இல்லாத மனுஷன் என்று லிஜி நினைத்துக்கொண்டாள். டெல்சியைப் பற்றியும் அவளுக்கு அதே எண்ணம்தான்.

இப்போது டெல்சி தள்ளிப்போய்ப் பாதிரியாரோடு நின்றாள். லிஜி தயங்கித் தயங்கி, எதையெதையோ சொல்லி, கடைசியில் விஷயத்துக்கு வந்துவிட்டாள். அந்த அக்காவும் தனியாகத்தான் இருக்கிறாள் போல, சம்மதம் என்றால் தானே போய்ப் பேசிப் பார்ப்பதாகச் சொன்னாள்.

ஜஸ்டஸ் பைனாகுலரைத் துடைத்து உறையில் போட்டார்.

“யோசிச்சுச் சொல்லுங்கண்ணே. இனி அக்டோபர்லதான் எல்லாரும் கூடுவோம். அதுவரைக்கும் அவங்கள எங்க போய்ப் பார்ப்பீங்க?”

“பார்க்கதுக்கு என்ன மக்கா, ஒரே வீட்டுலதான் இருக்கோம்” என்றார் ஜஸ்டஸ். “கெட்டி முப்பது வருஷமாச்சு. நான் நிர்ப்பந்திச்சுக் கப்பல் வேலைக்கு அனுப்புன மகன் திரும்பி வராம போனதுக்குப் பொறவு, அவ எங்கிட்ட வாய் தெறந்து பேசுனது இந்தக் குளத்தங்கரையில மட்டும்தான்.”