இதழினி சட்டம்

சமூக ஊடகச் செயலிகள் அனைத்தையும் தடைசெய்த சட்டத்துக்கு, அவற்றில் வந்த கேலிகளைத் தாங்காமல் இறந்துபோன மாணவி இதழினியின் பெயரையே வைத்திருந்தார்கள். அதற்காகத் தெருவில் இறங்கிப் போராடிய அவள் தாய் செண்பகவல்லி, இப்போது அந்தச் செயலிகளின் பழைய பதிவுகளை அழிக்கும் அலுவலகத்தில் நின்றாள்.

“ஆத்திரத்துல அவ போனை நானே உடைச்சிட்டேன் தம்பி. வீட்டுல அவ குரலே இல்ல. ஒரே ஒரு வீடியோ குடுங்க.”

“யாருக்கும் விலக்கு கூடாதுன்னு உண்ணாவிரதம் இருந்ததே நீங்கதானேம்மா?” என்றான் ஊழியன். ஆனாலும் மனம் கேட்காமல், அவளுடைய வீடியோ ஒன்றை அழிக்கும் முன் ஒருமுறை ஓடவிட்டான்.

திரையில், வீட்டுச் சமையலறையில் ஆடிக்கொண்டிருந்த இதழினி சட்டென்று திரும்பி, “அம்மா, குறுக்க வராத! அந்தப் பக்கம் போ!” என்று கத்தினாள்.

செண்பகவல்லி பதறிப்போய்ச் சுவரோரம் ஒதுங்கினாள். மறுபடி எட்டிப் பார்ப்பதற்குள் திரை வெறுமையாகியிருந்தது.