வயிறு கறுத்த கொக்கு

பறவை பார்ப்பதைத் தவிர அறிவுச்செல்வனுக்கு வேறு கெட்ட பழக்கம் கிடையாது. நேற்று மலையடிவார ஏரியில் அவர் கண்ட கொக்குக்கு உடம்பெல்லாம் வெள்ளை, வயிறு மட்டும் கன்னங்கரேல். எந்தப் புத்தகத்திலும் அப்படியொரு கொக்கு இல்லை. அவர் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் சென்னையிலிருந்து பறவை நிபுணர் ஒருவர் காரில் கிளம்பிவிட்டார்.

இன்றும் கொக்கு அதே இடத்தில் நின்றது.

"புது இனம்னு முடிவாச்சுன்னா என் பேரைத்தான் வைப்பாங்க, இனியா."

"பாவம், அது என்னங்க தப்பு பண்ணுச்சு?" என்றாள் மனைவி.

"சிரி. இத்தனை வருஷம் ஏரி ஏரியா அலைஞ்சதுக்கு இப்பதான் பலன்."

கொக்கு எழுந்து பறந்தது. கறுப்பு இறகு ஒன்று கரையில் விழுந்தது. அதை எடுத்த இனியாவின் விரலெல்லாம் கறுப்பு. மோந்து பார்த்தவள், கண்ணை மூடி நெற்றியில் இட்டுக்கொண்டாள்.

"என்ன பண்றே?"

"நெய் வாசனை வருதுங்க. மலை மேல கார்த்திகை தீபக் கொப்பரையில உக்காந்துட்டு வந்திருக்கு. இது தீப மை."

அறிவுச்செல்வன் இறகைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். அதற்குள் கார் வந்து நின்றது.

"எங்க சார் அந்தப் பறவை?" என்று காமிராவோடு இறங்கினார் நிபுணர்.

அறிவுச்செல்வன் பவ்யமாக இறகை நீட்டினார்.

"முதல்ல பிரசாதம் எடுத்துக்குங்க சார்."